தோட்டத்து வாசலில் அவசரகாலச் சட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 'டாருராட்' (அவசரகாலம்) என்ற மலாய்ச் சொல்லை மூன்று தலைமுறையினர் மூன்று பொருளில் ஆள்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கு அது லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை)ச் சுற்றிப் போட்ட முள்ளுக்கம்பி வேலியும் அளந்து கொடுத்த அரிசியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது 1969 மே மாதத்து இனக் கலவரத்தை அடுத்து வந்த ஊரடங்கு. பேரப்பிள்ளைகளுக்கோ கோவிட் தொற்றுக் காலத்தில் சாலைத் தடுப்பில் நின்று கடிதம் கேட்ட காவலர்கள்தாம் அந்தச் சொல்லுக்குப் பொருள். இந்த மூன்றும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் நடந்தவை. மூன்றிலும் குடிமக்களுக்கு மிஞ்சியிருந்த உரிமைகளும் ஒன்றல்ல. அதனால்தான் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் கைது, அவசரகாலப் பிரகடனம், ஊரடங்கு ஆகியவை செய்தியில் அடிபடும்போதெல்லாம், எது எதன்படி நடக்கிறது என்ற குழப்பம் எழுகிறது.

போர்க்கால அதிகாரம் என்பது என்ன, அது பொதுமக்களின் வீட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது, நெருக்கடி முடிந்த பிறகு அது எங்கே போகிறது என்பவற்றை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது. விளக்கத்திற்குத் தோட்டப்புறத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் தொடங்கியதே சுங்கை சிப்புட் என்ற இந்தத் தோட்ட நகரத்தில்தான். அந்த அதிகாரத்தின் எடையை நாள்தோறும் தாங்கியவர்களில் பால்மரத் (ரப்பர்) தொழிலாளர்களான தமிழர்கள் ஒரு பெரும் பகுதியினர்.

முதலில் சொற்கள்

1. அவசரகாலம். சாதாரணச் சட்டங்களால் சமாளிக்க முடியாத நிலை ஏற்பட்டுவிட்டதாக அரசு முறைப்படி அறிவிப்பது. அறிவித்த உடனே வானம் இடிந்து விழுவதில்லை. ஆனால் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ விவாதிக்காமலேயே விதிகளை இயற்றும் கதவு திறந்துகொள்கிறது. அந்தக் கதவுதான் முக்கியம்.

2. ஊரடங்கு. குறிப்பிட்ட நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது என்ற ஆணை. இதற்கு அவசரகாலம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி வந்தது. அப்போது நாட்டில் அவசரகாலம் இல்லை.

3. தடுப்புக் காவல். ஒருவர் குற்றம் செய்தார் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்காமல், இனிமேல் தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயத்தில் அடைத்து வைப்பது. தண்டனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. தடுப்புக் காவல் ஆணையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

4. கூட்டுப் பொறுப்பு. ஒருவர் செய்ததற்கு ஊரையே பொறுப்பாக்குவது. அமைதிக் காலச் சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது.

போர் என்று சொல்லாத போர்

பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து, விமானக் குண்டுவீச்சு வரை சென்ற ஒரு மோதலை ஏன் 'அவசரகாலம்' என்றே அழைத்தார்கள் என்ற கேள்வி இயல்பானது. பரவலாகச் சொல்லப்படும் காரணம் காப்புறுதி: தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டன் நிறுவனங்கள் வழங்கிய காப்புறுதி, கலவரச் சேதத்தை ஈடுசெய்யும், போர்ச் சேதத்தை ஈடுசெய்யாது. மற்றொரு காரணமும் இதோடு சேர்ந்தது. போர் என்று ஒப்புக்கொண்டால் எதிரில் நிற்பவன் போர்வீரன். அவசரகாலம் என்றால் அவன் குற்றவாளி. குற்றவாளியைத் தூக்கிலிடலாம், அவனுக்குச் சோறு கொடுத்தவரையும் சிறையில் தள்ளலாம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் தொழிலாளி வீட்டு அடுப்பு வரை விளைவு இருந்தது.

முன்னோட்டம்: கிள்ளான், 1941

தோட்டத் தமிழர்களின்மீது போர்க்கால அதிகாரம் பாய்ந்தது 1948இல்தான் முதன்முறை என்று எண்ணுவது தவறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அதை ஈட்டித் தந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். ஆகவே பால் வெட்டுவது போர்ப்பணி ஆயிற்று. வேலைநிறுத்தம் போருக்கு இடையூறாக எண்ணப்பட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினர்கள் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்லுதல் ஆகியவை இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரைமாருக்கும் கிராணிமாருக்கும் (தோட்ட எழுத்தர்களுக்கும்) எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. கூலி உயர்வுக்குப் பக்கத்தில் இந்த ஒரு வரி நின்றது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பசித்த வயிற்றோடு போராடியவர்கள், தங்கள் முதுகெலும்பையும் கேட்டு வாங்க முனைந்தார்கள்.

அரசு தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். ஜப்பானியர் மலாயாவில் இறங்குவதற்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்த நேரம் அது. வெளிப்பகைவன் வருவதற்கு முன்பே உள்நாட்டில் அந்த அதிகாரம் யார்மீது முதலில் பயன்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்த ஜப்பானிய ஆட்சியில் சட்டம் என்ற பெயர்கூட மிஞ்சவில்லை. சயாம்–பர்மா ரயில்பாதைக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மலாயாத் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள், திரும்பாதவர்கள் பல்லாயிரம். அது தனிக் கட்டுரைக்குரிய துயரம். இங்கே ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 1948இல் மறுபடியும் வேலி போடப்பட்டபோது, அந்த நினைவு மூன்றே ஆண்டுப் பழையது.

1948 ஜூன் 16

அன்று காலை சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும், சில கல் தொலைவில் இருந்த வேறொரு தோட்டத்திலுமாக ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 18ஆம் தேதிக்குள் அது கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. ஜூலையில் அவசரகால ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. காட்டிலிருந்து ஆயுதப் போராட்டம் நடத்திய கெரில்லாக்களின் கட்சியான மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி அதே மாதம் 23ஆம் தேதி தடை செய்யப்பட்டது.

அந்தச் சட்டத்தின் நெஞ்சுக்கூடு ஒரே ஒரு பிரிவுதான். பொதுநலனுக்கு ஏற்றது என்று பிரிட்டிஷ் ஆட்சியின் தலைவரான உயர் ஆணையர் கருதும் எந்த விதியையும் அவர் இயற்றலாம் என்று அது சொன்னது. 'எந்த விதியையும்' என்ற சொற்களை மெதுவாகப் படிக்க வேண்டும். தடுப்புக் காவல், நாடு கடத்தல், ஊரடங்கு, வீட்டுச் சோதனை, உணவுக் கட்டுப்பாடு, அச்சகக் கட்டுப்பாடு, குடியிருப்புகளை இடம் மாற்றுதல், உரிமமில்லாத் துப்பாக்கிக்குத் தூக்கு என்று பின்னர் அடுக்கடுக்காக வந்தவை அனைத்தும் அந்தச் சொற்களிலிருந்து கிளைத்தவையே. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கெரில்லாக்களின் கையால் மாண்டவர்கள் துரைமார் மட்டும் அல்லர். பன்னிரண்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,400க்கும் மேல். அவர்களில் தொழிலாளர்களும் கங்காணிகளும் கடைக்காரர்களும் உண்டு. பால்மரங்களை வெட்டிச் சாய்த்ததும் அடையாள அட்டைகளைப் பிடுங்கி எரித்ததும் கெரில்லாக்கள் செய்தவை. தோட்டத்துத் தொழிலாளி இரவில் காட்டுக்கும் பகலில் காவலுக்கும் அஞ்சினான். அரசுக்கு அதிகாரம் தேவைப்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்த அதிகாரம் எவ்வளவு, யார் கையில், எது வரை என்பதே கேள்வி.

வேலிக்குள் லயம்

1950இல் நடவடிக்கைத் தலைவராக வந்த ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டம் எளிய கணக்கு ஒன்றின்மேல் நின்றது: காட்டில் இருப்பவனுக்குச் சோறும் மருந்தும் செய்தியும் காட்டோரத்து மக்களிடமிருந்து போகின்றன, மக்களை நகர்த்திவிட்டால் அவன் பட்டினி. அதன்படி சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், 'புதுக்கிராமங்களில்' குடியேற்றப்பட்டார்கள். இன்றும் பேராக் முழுதும் 'கம்போங் பாரு' என்ற பெயரோடு நிற்பவற்றில் பல அவ்வாறு பிறந்தவை.

புதுக்கிராமங்களைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. தோட்டங்களுக்குள் நடந்த 'ஒன்றுகுவிப்பு' அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எண்ணிக்கையில் அது புதுக்கிராமங்களுக்குக் குறைந்ததன்று. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்ட, சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இவ்வாறு குவிக்கப்பட்டார்கள். பிரிவு பிரிவாகச் சிதறிக் கிடந்த லயங்கள் காலி செய்யப்பட்டு, நடுவில் ஓரிடத்தில் நெருக்கமாக எழுப்பப்பட்டன. சுற்றிலும் முள்ளுக்கம்பி, விளக்குக் கம்பங்கள், ஒரே வாசல், வாசலில் சிறப்புக் காவலர்.

புதுக்கிராமத்து வேலிக்கும் தோட்டத்து வேலிக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. என் பார்வையில் இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

புதுக்கிராமத்தில் வேலி போட்டது அரசு. வீடும் பிழைப்பும் அவரவருடையவை. தோட்டத்தில் வீடு நிர்வாகத்துடையது, சாலை நிர்வாகத்துடையது, மருந்துக் கொட்டகையும் பள்ளிக்கூடமும் நிர்வாகத்தின் நிலத்தில் இருப்பவை, கூலி கொடுப்பதும் நிர்வாகமே. வேலியும் காவலும் பெரும்பாலும் அதே நிர்வாகத்தின் ஏற்பாட்டில் வந்தபோது, முதலாளிக்கும் அரசுக்கும் நடுவே தொழிலாளி ஒதுங்கி நிற்க ஓர் அடி நிலம்கூட மிஞ்சவில்லை. வேலையில் முறையிட்டவனைத் 'தொல்லைக்காரன்' என்று முன்பெல்லாம் லயத்தை விட்டு வெளியேற்றினார்கள். இப்போது அதே சொல் காவல் நிலையத்துக் குறிப்பேட்டிலும் ஏற முடிந்தது. சட்டம் அப்படிச் சொன்னதா என்றால், இல்லை. சட்டம் வாசலை மட்டும்தான் அமைத்தது. வாசலில் யார் நின்றார்கள் என்பதே மீதியைத் தீர்மானித்தது.

விடியலின் விலை

ஊரடங்கு என்றால் இரவில் வெளியே போக முடியாது, அவ்வளவுதானே என்று நகரத்தார் நினைக்கலாம். பால்மரத்திற்கு அது அவ்வளவோடு முடிவதில்லை.

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் உள்ள பால்நாளங்களில் அழுத்தம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் ஆவியாகி அழுத்தம் இறங்கும். பால் வடிவது குறையும். ஆகவே பால்வெட்டுக்காரர் ஒருவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரையில் நுழைவது வழக்கத்திற்காக அன்று. மரத்தின் உடற்கூறு அப்படி. முந்நூறு, நானூறு மரங்களை வெட்டி முடித்து, மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) தேங்கிய பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது வாசலைப் பாருங்கள். ஊரடங்கு முடியும் வரை கதவு திறக்காது. திறந்ததும் வரிசை: ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அட்டையைக் காட்ட வேண்டும். வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சேலை மடிப்பும் தலைப்பாகைத் துணியும் தடவிப் பார்க்கப்படும். சோற்றுப் பொட்டலம் இருந்தால் அங்கேயே வைத்துவிட வேண்டும். ஒரு கவளம்கூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. நூறு பேர் இப்படிக் கடந்து முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். கடைசியாக வெளியேறியவரின் மரங்கள் குறைவாகவே வடியும். எடைக்குக் கூலி கிடைக்கும் இடத்தில் அந்தக் குறைவு அவருடைய கணக்கில் விழும். நண்பகல் வரை வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு அவர் திரும்பி வர வேண்டும்.

இந்த இழப்பு எந்த அரசாணையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆணையில் இருந்தவை ஒரு நேரமும் ஒரு தடையும் மட்டுமே. அவை மரத்தின் தன்மையோடும் கூலி முறையோடும் சேர்ந்தபோது ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கடித்தன. அவசரகால விதிகளை அளக்கும்போது தாளில் உள்ள சொற்களை மட்டும் எடைபோட்டால் இது கண்ணில் படவே படாது.

அட்டை

பையில் அடையாள அட்டை இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது இன்று நமக்கு மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தின் பிறந்தநாள் 1948. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் நிழற்படம், பெருவிரல் ரேகையோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவசரகால விதி ஆணையிட்டது. யார் கிராமத்தான், யார் காட்டிலிருந்து வந்தவன் என்று பிரித்தறிவதே நோக்கம். கெரில்லாக்கள் அட்டைகளைத் தேடிப் பிடுங்கி எரித்ததற்கும் அதுவே காரணம்.

தமிழர்களுக்கு அட்டை இன்னொரு கேள்வியையும் கொண்டு வந்தது: நீ இந்த நாட்டவனா? 1948 பிப்ரவரியில் பிறந்த மலாயாக் கூட்டரசின் குடியுரிமை விதிகள் கடுமையானவை. தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் குடிமக்களாகத் தகுதி பெறவில்லை. குடிமகன் அல்லாதவரை நாடு கடத்த அவசரகால விதி இடம் தந்தது. ஆகவே சங்கக் கூட்டத்தில் எழுந்து பேச நினைத்த ஒருவர், வேலை போகுமே என்று மட்டும் அஞ்சவில்லை. தான் பிறந்திராத, அல்லது பத்து வயதில் விட்டுவந்த தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றிவிடுவார்களே என்றும் அஞ்சினார். குடியுரிமை இல்லாதவர்மீது அவசரகால அதிகாரம் இரட்டிப்பு எடையோடு விழுகிறது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அட்டையோடே மறைந்த நம் முதியவர்களின் வரலாறு இந்த இடத்தில்தான் வேர்விட்டிருக்கிறது.

அரிசி

உணவுக் கட்டுப்பாட்டின் தர்க்கத்தைப் படிப்படியாகப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் அடுக்களைக்குள் வந்தது என்பது விளங்கும்.

1. அரிசி, சர்க்கரை, உப்பு, எண்ணெய், டின் பால், மருந்து போன்றவை கட்டுப்பாட்டுப் பொருள்கள் ஆயின. கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்று ஏட்டில் எழுத வேண்டும்.

2. அளவுக்கு மேல் வீட்டில் வைத்திருந்தால், அது காட்டுக்குப் போகவிருந்தது என்ற ஐயத்திற்கு ஆளாக நேரிடும். விருந்தாளிக்காகச் சேர்த்து வைத்ததாகச் சொன்னால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

3. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதைத் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். துளையிட்ட டின்னைப் புதைத்து வைக்க முடியாது, கெட்டுவிடும்.

4. பின்னாளில் சில பகுதிகளில் அரிசியாகவே கொடுக்கவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் பொங்கிச் சோறாகக் கொடுத்தார்கள். இந்த வெப்பத்தில் சோறு மறுநாள் புளித்துவிடும் என்பதே காரணம்.

இராணுவக் கணக்காகப் பார்த்தால் இது மிகக் கூர்மையான திட்டம். காட்டில் இருந்தவர்களை ஒடுக்கியதில் குண்டுவீச்சைவிட இதற்கே பங்கு அதிகம் என்று கருதுபவர்கள் உண்டு. ஆனால் டின் பாலைத் துளைத்து வாங்கிய தாய் அதை அன்றே தீர்க்க வேண்டும். கைக்குழந்தையோ ஒரு நாளில் ஒரு டின் குடிக்காது. நாளைக்கு என்று எடுத்து வைப்பதுதான் ஏழை வீட்டின் அறிவு. அந்த அறிவையே விதி குற்றமாக்கியது.

ஓர் ஊரே குற்றவாளி ஆனபோது

1952 மார்ச்சில் பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம் அருகே, உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவின்மீது தாக்குதல் நடந்து பன்னிரண்டு பேர் மாண்டார்கள். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊருக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். பிறகு வீட்டுக்கு வீடு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு உதவுவோரைப் பற்றித் தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் இட வேண்டும். சுமார் இரண்டு வாரங்களுக்குப் பிறகே தடை தளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது கடுமையின் அளவு மட்டும் அன்று. பெயர் இல்லாத தாளில் எழுதும்போது ஒருவர் உண்மையையும் எழுதலாம், பழைய பகையையும் எழுதலாம். குறிப்பிடப்பட்டவருக்குத் தன்மேல் சொன்னது யார் என்று தெரியாது. குறுக்குக் கேள்வி கேட்க நீதிமன்றமும் கிடையாது. ஓர் ஊரில் அக்கம்பக்கத்தார் ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை இப்படிப்பட்ட நடவடிக்கைக்குப் பின் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்த அறிக்கையும் கணக்கெடுக்கவில்லை.

கண்டிப்போடு சலுகையும் வந்தது. அடங்கிவிட்டதாகக் கருதப்பட்ட இடங்கள் 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டு, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. 1953 செப்டம்பரில் மலாக்காவின் பகுதிகள் முதலில் அந்தப் பெயர் பெற்றன.

சங்கத்துக்கு நேர்ந்தது

தொழிற்சங்கங்களை முடக்கியது அவசரகாலம் என்று சொல்வார்கள். தேதிகளைப் பார்த்தால் அது பாதி உண்மை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தை முடக்கிய சட்டத் திருத்தம், சுங்கை சிப்புட் கொலைகளுக்குச் சில நாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. சங்கப் பொறுப்பாளர் அந்தந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உடையவராக இருக்க வேண்டும், வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணையக் கூடாது என்பவை அதன் சாரம். அவசரகாலம் அந்த வேலையை முடித்து வைத்தது.

சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு காப்பாற்ற முயன்றும் பயனில்லை. அவருடைய தோழர் வீரசேனன் அதற்கு முந்தைய நாள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தமிழர்களிடையே எழுந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர் தலைமை இரண்டு நாள்களில் தலையிழந்தது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேறு பாதையில் நடந்தது: பேச்சுவார்த்தை, நடுவர் மன்றம், எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று இன்று பழிப்பவர்கள், எந்த வேலிக்குள் இருந்து அது பிறந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே 1954இல்தான் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. ஊரடங்குக்கும் பங்கீட்டுக்கும் நடுவே ஒரு சமூகம் பள்ளிக்கூடம் கட்டியது.

வேலி போயிற்று, விதி போகவில்லை

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மறுநாள், ஆகஸ்ட் 1 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. மக்கள் 'இசா' என்று அழைத்த இச்சட்டத்தின்படி காவல்துறை ஒருவரை 60 நாள் வரை வைத்திருக்கலாம். அதன்பின் அமைச்சரின் ஆணைப்படி ஈராண்டு, மீண்டும் ஈராண்டு என்று நீட்டிக்கலாம். அதாவது தடுப்புக் காவல் அவசரகால விதியாக இருந்த இடத்திலிருந்து நிரந்தரச் சட்டமாக நகர்ந்தது. காட்டிலிருந்த ஆயுதக் குழுவுக்காக வகுத்த இந்தச் சட்டம், 2007 டிசம்பரில் இந்துக்களின் உரிமைகளுக்காகப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர்மீது பாய்ந்தது. அவர்கள் அடைக்கப்பட்ட கமுந்திங் முகாம் இதே பேராக்கில், தைப்பிங்கை ஒட்டி இருக்கிறது.

இசா 2012இல் நீக்கப்பட்டு அதன் இடத்தில் சொஸ்மா வந்தது. இதில் அமைச்சரின் ஈராண்டு ஆணை இல்லை. 28 நாள்களுக்குள் குற்றம் சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் அல்லது விடுவிக்க வேண்டும். இது முன்னேற்றம்தான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிணை பெரும்பாலும் மறுக்கப்படுவதால், வழக்கு நடக்கும் காலம் முழுதும் உள்ளேயே இருக்க நேர்கிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று கைதான பன்னிரண்டு பேரின் குற்றச்சாட்டுகள் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டன. இடைப்பட்ட மாதங்களைச் சட்டம் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை.

மற்றொரு கிளை அரசமைப்புச் சட்டத்தின் 150ஆவது பிரிவு. பாதுகாப்புக்கோ பொருளாதார வாழ்வுக்கோ பொது ஒழுங்குக்கோ கடும் ஆபத்து என்று மாமன்னர் கருதினால் அவசரகாலம் அறிவிக்கலாம். அதன்படி வரும் அவசரச் சட்டம், அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும். 1981இல் சேர்த்த உட்பிரிவு, நீதிமன்றம் அந்தப் பிரகடனத்தைக் கேள்வி கேட்பதையும் தடுத்தது. 1969இல் அறிவித்த அவசரகாலம் 2011 வரை ஏட்டில் உயிரோடு இருந்தது. அதன் கீழ் வந்த தடுப்புக் காவல் சட்டம் நாற்பதாண்டுகளுக்கும் மேல் பயன்பட்டது. கலவரம் ஓய்ந்த பிறகு பிறந்தவர்கள், தங்கள் வாழ்நாளில் பாதியை அவசரகாலத்தில் கழித்தார்கள் என்பதை அறியாமலேயே இருந்தார்கள்.

2020 டிசம்பரில் பேராக்கின் கெரிக், சபாவின் புகாயா ஆகிய தொகுதிகளுக்கு மட்டும், தொற்றைக் காரணம் காட்டி இடைத்தேர்தலைத் தள்ளிவைப்பதற்காக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரி 12 அன்று நாடு முழுதும் அறிவிக்கப்பட்டு, ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. இம்முறை முள்வேலி போட்டது தொற்றுநோய்ச் சட்டம். அவசரகாலம் செய்தது வேறு. அது நாடாளுமன்றக் கூட்டத்தை ஜூலை இறுதி வரை நிறுத்தி வைத்தது. தனியார் நிலத்தையும் கட்டடத்தையும் அரசு எடுத்துப் பயன்படுத்த வழி செய்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள், கடைக்குப் போக முடியவில்லையே என்று அவசரகாலத்தை நொந்துகொண்டார்கள். கேள்வி கேட்கும் மன்றம் ஆறு மாதத்திற்கு மேல் பூட்டிக் கிடந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை.

அடுத்த செய்தி வரும்போது

1. எந்தச் சட்டம்? செய்தியில் சட்டத்தின் பெயரைத் தேட வேண்டும். தொற்றுநோய்ச் சட்டம், சொஸ்மா, 150ஆவது பிரிவு ஆகிய மூன்றுக்கும் முறையிடும் வழி வேறு வேறு.

2. முடிவு நாள் உண்டா? 1948இல் இல்லை, 1969இல் இல்லை, 2021இல் இருந்தது. பிரகடனம் நீங்கினாலும் அதன் கீழ் வந்த அவசரச் சட்டங்கள் மேலும் ஆறு மாதம் உயிரோடு இருக்கலாம் என்று அதே 150ஆவது பிரிவு சொல்கிறது.

3. கைது என்றால், காரணம் சொல்லப்பட்டதா? கைதுக்கான காரணத்தை விரைவில் அறியவும் தாம் விரும்பும் வழக்கறிஞரை நாடவும் அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு உரிமை தருகிறது. சொஸ்மா கைதில் வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம், அதற்குமேல் முடியாது. குடும்பத்தார் கைதான நேரத்தைக் குறித்து வைப்பது இதனால் அவசியம்.

4. வாசலில் யார்? இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; லயங்களில் தமிழர்களுக்குப் பதில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். தொற்றுக் காலத்தில் வேலையிடத்து விடுதிகள் பூட்டப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் அவர்கள்: குடியுரிமை இல்லாதவர்கள், தங்குமிடம் முதலாளியுடையது, பலருடைய கடப்பிதழும் முதலாளியிடம். 1950இல் நம் பாட்டனார் எந்த வாசலில் வாளியைக் கவிழ்த்துக் காட்டினாரோ, அதே வகையான வாசலில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள்.